கிடாயிடம் கேட்ட மன்னிப்பு

தம்பிராசாவுக்கு அகிம்சைக்காக ஒரு பட்டம் வருகிறது என்ற செய்தியை ஊர் அமைதியாகவே ஏற்றுக்கொண்டது. அவர் வாழ்நாளில் ஒருவருக்கும் கை ஓங்கியவரல்லர். ஓங்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததுமில்லை. யாழ்ப்பாணக் கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்கராக இருந்த காலத்தில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு பார்வை பார்ப்பார். எதிரில் நிற்கிறவர் தான் கொண்டுவந்த மனுவைத் தானே மடித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். ஓய்வு பெற்று வந்த பிறகு அந்தப் பார்வையை வீட்டுக்கும், மிச்சத்தை ஊருக்கும் கொடுத்தார்.

ஊருக்குக் கொடுத்ததன் பெயர் சீவகாருணிய சபை. நீர்வேலி வாழைத்தோட்டங்களைத் தாண்டி உள்ளே போனால் வருகிற அந்த ஊரில், வாசிகசாலையின் பின்னறையில் மாதம் ஒருமுறை சபை கூடும். தம்பிராசா தலைவர். ஓய்வுபெற்ற தபாலதிபர் இராசநாயகம் செயலாளர். மற்றவர்கள் தேத்தண்ணிக்கும் வடைக்கும் வந்து, வடை தீர்ந்த பிறகும் எழும்பாத நல்லவர்கள். உயிர்க்கொலை கூடாது என்பது சபையின் கொள்கை. எந்த உயிர் என்பதில் சபைக்கு நல்ல தெளிவு இருந்தது.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. போர்நிறுத்தம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த மாதங்கள். அதற்கு முன்னும், அதற்கு இடையிலும்கூட, ஊரில் செத்தவீடுகள் நடந்தன. பிள்ளை எங்கே என்று தெரியாத தாய்மார் ஒழுங்கைக்கு ஒழுங்கை, தெருவுக்குத் தெரு இருந்தார்கள். சபையில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர், மனிதக் கொலையைக் கண்டித்தும் ஒரு தீர்மானம் போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டார். வடைக்குப் போன கைகள் நின்றன. பிறகு இராசநாயகம் தொண்டையைச் செருமினார்.

"மனிசரைப் பற்றிக் கதைச்சால் அது அரசியல், தம்பி. ஆட்டைப் பற்றிக் கதைச்சால் ஒரு பகுதியும் கோவியாது."

அந்த ஆசிரியர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. வடை ஒன்று மிஞ்சியது.

ஆகவே சபை ஆட்டைப் பற்றிக் கதைத்தது. ஊர் எல்லையில் இருந்த வைரவர் கோயிலில் ஆண்டுதோறும் வேள்வி நடக்கும். நேர்த்தி வைத்தவர்கள் ஒரு கிடாயைக் குழந்தைபோல வளர்த்து, அன்றைக்குக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மேளத்தோடு கூட்டிவந்து வெட்டுவிப்பார்கள். அதில் பக்தி ஒரு பங்கு என்றால், என் கிடாய் உன் கிடாயைவிடப் பெரிது என்பது மூன்று பங்கு. அருளம்பலத்தின் கிடாயை ஒருவரும் வென்றதில்லை. அவர் வாழைத்தோட்டக்காரர். பலாக்குழையும் தவிடும் கொடுத்து, கிடாயைக் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்த்துவிடுவார். கிடாய் அருளம்பலம் என்றால் மானிப்பாய் வரைக்கும் தெரியும். சபை அவருக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் அடித்து வீடு வீடாகப் போட்டது. அவர் தனக்கு வந்ததைக் கிடாய்க்குக் கொடுத்தார். அது விரும்பித் தின்றது.

இதில் வந்த சிக்கல், அருளம்பலத்தின் மகன் சீவரத்தினத்தைத் தம்பிராசாவின் மகள் அருந்ததி விரும்பியது.

இருவரும் ஒரே டியூட்டரியில் ஒரே நீள வாங்குப் பலகையின் இரண்டு நுனிகளில் இருந்து கணிதம் படித்தவர்கள். வாங்கின் நடுப்பகுதி வருடப்போக்கில் சுருங்கியது. அவள் பல்கலைக்கழகம் போய் நெல்லியடியில் ஆசிரியையாக வந்தாள். அவளைவிடக் கணிதம் நன்றாக வந்த அவன் பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்தலில் தட்டுப்பட்டு, பகலில் தகப்பனின் தோட்டத்தில் தண்ணீர் கட்டி, பின்னேரங்களில் அதே டியூட்டரியில் படிப்பிக்கிறவனாக நின்றுவிட்டான். நிற்கிறோம் என்ற வருத்தம் அவனுக்கு இருந்தாலும் முகத்தில் இராது. அவள் பஸ்ஸால் இறங்கும் நேரத்துக்குச் சந்தியில் சைக்கிள் செயினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பான். அந்தச் செயின் அத்தனை முறை கழன்றிருக்க நியாயமில்லை என்று ஊருக்கே தெரியும்.

அருந்ததி வீட்டில் சொன்னபோது தம்பிராசா சத்தம் போடவில்லை. கண்ணாடியை இறக்கினார். மகள் கண்ணை எடுக்கவில்லை. மீனும் இறைச்சியுமாக மச்சம் தின்கிற வீட்டையாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு பொறுக்கலாம், கிடாய் வெட்டுகிற வீட்டை எப்படிப் பொறுப்பது என்று கேட்டார். அப்போது அங்கே மனைவி பராசக்தி இருந்தாள். சபைக் கடிதத்துக்குக் கையெழுத்து வாங்க வந்த இராசநாயகமும் இருந்தார். ஆட்கள் இருந்தால் தம்பிராசாவுக்குத் தாராளம் வரும்.

"அருளம்பலம் வேள்வியை விடட்டும். விட்டால், வாற தையிலை நானே நாள் வைக்கிறன்."

மாரி முடிந்த பிறகு குடை தருவதாகச் சொல்கிறவரின் நிம்மதியோடு அவர் அதைச் சொன்னார். அருளம்பலம் விடமாட்டார் என்பது அவருக்கு நிச்சயம். காரணம் இருந்தது. சீவரத்தினம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு, டாக்குத்தர்மார் கைவிரித்த ஒரு நாளில், தகப்பன் வைரவரிடம் ஓடிப்போய் விழுந்திருந்தார். பிள்ளையைத் தா, உயிர் உள்ளவரை வருடத்துக்கு ஒரு கிடாய் தருகிறேன் என்பது நேர்த்தி. பிள்ளை பிழைத்தது. ஆகவே கிடாயை நிறுத்துவது என்றால், அருளம்பலத்தின் கணக்கில், மகனின் உயிரோடு விளையாடுவது.

அருந்ததி வந்து சொன்ன நிபந்தனையைத் தகப்பனிடம் கேட்கவே சீவரத்தினம் கூச்சப்பட்டான். கேட்ட பிறகு அவர் பல நாள் பேசாமல் திரிந்தார். வேள்விக்கு முதல்நாள்தான் வாய் திறந்தார்.

"வைரவர் கோவிக்கிறதெண்டால் என்னிலை கோவிக்கட்டும். வாக்குக் குடுத்தவன் நான். நீ இல்லை."

அடுத்த நாள் வழக்கம்போல மேளத்தோடும் மாலையோடும் கிடாய் வந்தது. பூசாரி கத்தியோடு நின்றார். அருளம்பலம் வைரவருக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழும்பக் கனநேரம் எடுத்தது. எழும்பி, கொண்டுவந்த நீத்துப்பூசணிக்காயை இரண்டாக வெட்டி வைத்தார். பிறகு கிடாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே வீட்டுக்கு நடந்தார்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பெரிய கிடாய் வெட்டாத களத்தில் சின்னக் கிடாயை வெட்டி என்ன பெருமை. ஒருவர் தன் கிடாய்க்கு வயிறு சரியில்லை என்றார். இன்னொருவர் அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். ஒவ்வொன்றாகக் கிடாய்கள் எல்லாம் வீட்டுக்குப் போயின. அந்த வருடம் வேள்வி நின்றது இப்படித்தான். கொஞ்சம் பாசம், மிச்சமெல்லாம் வீம்பு. சீவகாருணிய சபை அன்றைக்கு வாசிகசாலையில் இருந்து வடை தின்றுகொண்டிருந்தது.

ஆனால் இராசநாயகத்துக்குத் தபால் விசயத்தில் ஒரு காலமும் சுணக்கம் கிடையாது. கொழும்பில் புடவை வியாபாரம் செய்யும் ஜைனர்கள் ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார்கள். அகிம்சையைப் பரப்புகிறவர்களை ஆண்டுதோறும் கண்டுபிடித்து மரியாதை செய்வது அதன் வழக்கம். தலைவர் தம்பிராசாவின் நெடுங்காலப் பிரசாரத்தால் ஒரு கோயிலின் உயிர்ப்பலியே நின்றுவிட்டது என்று அவர்களுக்குக் கடிதம் போனது. அவர்கள் நல்லவர்கள். எழுதியதை நம்பினார்கள். அகிம்சைக் காவலர் என்ற பட்டமும் ஒரு வெள்ளித் தட்டும் தருவதாகவும், செயலாளரே நேரில் வருவதாகவும் பதில் வந்தது.

பதில் வந்த சில நாளில் அருளம்பலம் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக, சைக்கிளில் ஒரு கதலிக் குலையையும் கட்டிக்கொண்டு, தம்பிராசா வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போனார். தம்பிராசா படலை வரைக்கும் வந்தார். படலையைத் திறக்கவில்லை. அதன் மேலாகவே பேசினார்.

"விட்டிட்டாய், சந்தோசம். எண்டாலும் அருளம்பலம், வெட்டின கை வெட்டின கைதானே. எனக்கு இப்ப ஒரு பட்டம் வருது. அதுக்கொரு மரியாதை இருக்கெல்லோ."

"அண்ணை, நீங்கள் வாக்குத் தந்ததெண்டு பொடியன் சொன்னவன்."

"நல்ல காரியம் நடக்கோணுமெண்டால் நாலும் சொல்லுறதுதான்."

தோட்டத்தால் வந்துகொண்டிருந்த நாலு பேர் நின்று கேட்டார்கள்.  அருளம்பலம் குலையை அவிழ்த்துப் படலையடியில் வைத்துவிட்டுப் போனார். அவர் ஒழுங்கை திரும்பியதும் தம்பிராசா அதை உள்ளே எடுப்பித்தார். வாழைப்பழம் மச்சம் அல்லவே.

அதே கிழமை லண்டனில் கணக்காளராக இருக்கும் ஒரு மாப்பிள்ளையின் சாதகம் வீட்டுக்கு வந்தது. விழா முடிந்த அடுத்த கிழமை மாப்பிள்ளையின் ஆட்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அகிம்சைக் காவலரின் மகள் என்றால் பேச்சு இலகு என்று தம்பிராசா மனைவியிடம் சொன்னார்.

சந்தியில் சைக்கிள் செயினோடு நின்ற சீவரத்தினம் அன்று அதைப் பூட்டுவதுபோல நடிக்கக்கூட இல்லை.

"வாரும், கலியாண எழுத்தை எழுதிப்போடுவம். பதிவுகாரர் தெரிஞ்ச ஆள்."

"ஒளிச்சு எழுதினால் பிழை எங்கடை பக்கம் வந்திடும். உங்கடை அப்பாவைப் படலையிலை வைச்சுக் கதைச்சதை ஊர் மறந்துபோம். நான் வாறதெண்டால் முன்வாசலாலைதான் வருவன்."

"முன்வாசலை உம்மடை அப்பா பூட்டிப்போட்டாரே."

"அது எங்கடை வீட்டு முன்வாசல். நான் சொல்லுறது உங்கடை வீட்டு முன்வாசலை."

அவன் சிரித்தான். ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு நெஞ்சுக்குள் இறங்கவில்லை. லண்டன்காரர் வருவதற்குள் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. தகப்பன் கொடுத்த வாக்கைத் தகப்பனின் வாயாலேயே நிறைவேற்றுவிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. அது நடக்காவிட்டால், அருளம்பலம் வைரவருக்குப் பயந்து பயந்து விட்ட நேர்த்தி, ஒரு வெள்ளித் தட்டுக்காக விட்டதாக முடிந்துவிடும்.

புரட்டாதியில் விழா வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவரின் பெயர் அப்பாண்டை நயினார். மெலிந்த, சத்தம் குறைந்த மனிதர். சேட்டுமார் யாரோ வருவார், இரண்டு ஆங்கிலச் சொல் பேசுவார், கும்பிட்டுவிட்டுப் போவார் என்று சபை எதிர்பார்த்திருந்தது. இவர் தமிழ்நாட்டில் வந்தவாசிப் பக்கத்துத் தமிழர். தலைமுறை தலைமுறையாகச் சமணக் குடும்பம். தமிழ் பேசுகிற சமணர் இன்னமும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது ஊருக்கே புதுச் செய்தி. பெரியபுராணம் முடிந்தபோது அவர்களும் முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாடு தம்பிராசா வீட்டில். சைவச் சாப்பாட்டில் தன்னை வெல்ல ஆளில்லை என்று பராசக்திக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. கருணைக்கிழங்குக் கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், பீற்றூட், வெங்காயச் சம்பல், உள்ளி போட்ட பருப்பு, கடைசியில் இராசவள்ளிக் கிழங்குக் களி என்று இலை நிறைந்தது. வந்தவர் சோற்றையும் தயிரையும் வாழைப்பழத்தையும் மட்டும் தொட்டார். மண்ணுக்குள் விளைவதை நாங்கள் சாப்பிடுவதில்லை, பிடுங்கும்போது பல உயிர் போகிறது என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் பராசக்தியிடம் சொன்னார். தம்பிராசாவுக்கு முகம் கறுத்தது. தன்னைவிடச் சுத்தமான ஒருவர் தன் வீட்டு இலையிலேயே இருந்து சாப்பிடுவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப வெங்காயம் பயிர் செய்யிற எங்கடை சனமெல்லாம் கொலைகாரரோ?" என்று சிரித்தபடி கேட்டார்.

"நான் என் இலையைப் பற்றி மட்டும்தான் சொன்னேன், ஐயா."

பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் விழா தொடங்கியது. முதல் நிகழ்ச்சி ஆழ்வாப்பிள்ளையின் கதாப்பிரசங்கம். கோயில் திருவிழாக்களில் பெயர் பெற்றவர். சமணர் வந்து கௌரவிக்கிற விழா, சமணர் சம்பந்தமாக ஏதாவது சொல்லுங்கோ என்று இராசநாயகம் அவரைக் கேட்டிருந்தார். சமணர் சம்பந்தமாக ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததும் அந்த ஒரே கதைதான். மதுரையில் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரம் பேரைக் கழுவில் ஏற்றிய கதை.

ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர, அவர் அதை அருமையாகச் சொன்னார். கழுமரத்தின் நுனி எப்படிச் சீவப்பட்டது என்பதற்கு ஒரு விருத்தம் பாடினார். முன்வரிசைக் கிழவர்கள் பழக்கதோசத்தில் 'அரோகரா' என்றார்கள். இராசநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மேடையின் ஓரத்தில் நின்று, முடியுங்கோ என்று கையால் காட்டினார். நேரம் போகிறது என்று எடுத்துக்கொண்ட ஆழ்வாப்பிள்ளை, தாளத்தைத் துரிதப்படுத்தி, மிச்சம் இருந்தவர்களை ஒரே மூச்சில் கழுவேற்றி மங்களம் பாடினார்.

நயினார் மடியில் கைகளைக் கோத்தபடி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அருந்ததி பெண்கள் வரிசையில் இருந்து அவரையே பார்த்தாள். இந்த மனிதர் இப்போது எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தாள். போயிருந்தாலும் யாரும் பிழை சொல்ல முடியாது.

அடுத்தது, அகிம்சையின் அடையாளமான கிடாய்க்கு மாலை அணிவித்தல். கிடாயைக் கேட்டு இராசநாயகம் அருளம்பலத்திடம் போனபோது, கொண்டுபோங்கோ என்று அவர் கயிற்றை நீட்டியிருக்கிறார். கிடாய் இராசநாயகத்தை வேலிவரைக்கும் முட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு வழியில்லாமல் கயிறு பிடிக்க அருளம்பலமும் வந்திருந்தார். கிடாய்க்கு மேடையின் நடுவில் பாய் விரித்து, முன்னால் பலாக்குழை வைத்திருந்தார்கள். அருளம்பலத்துக்குக் கதிரை போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

நயினார் கிடாய்க்கு மாலை போட்டார். பிறகு அருளம்பலத்தைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார்.

"கிடாயைக் கொண்டு வந்தவர்," என்றார் இராசநாயகம்.

நயினார் அருளம்பலத்தை ஒருமுறை கும்பிட்டார். அருளம்பலம் ஒரு கையில் கயிறு இருந்ததால் மற்றக் கையை மட்டும் நெஞ்சில் வைத்தார்.

பட்டம் கொடுக்குமுன் நயினார் சில வார்த்தை பேசினார். இன்று எங்கள் பக்கத்தில் மன்னிப்பு நாள் என்றார். பத்து நாள் நோன்பு முடிந்து, சின்னவர் பெரியவர் பாராமல், எங்களால் நொந்தவர்களிடம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்போம். கேட்ட பிறகுதான் எந்த மரியாதையையும் வாங்குவோம். ஐயாவும் அப்படிக் கேட்டால் அறக்கட்டளைக்குப் பெருமை. முதலில் நான் கேட்கிறேன். பராசக்தி அம்மா பாடுபட்டுச் சமைத்ததை இலையில் விட்டு எழும்பினேன், அவர்கள் மன்னிக்க வேண்டும். ஆழ்வாப்பிள்ளை ஐயா கதை சொன்னபோது மனசுக்குள் அவர்மேல் கோபப்பட்டேன், அவரும் மன்னிக்க வேண்டும்.

ஏன் கோபப்பட்டார் என்று ஆழ்வாப்பிள்ளைக்கு விளங்கவில்லை. ஆனாலும் பெரிய மனசோடு தலையை ஆட்டி மன்னித்தார்.

தம்பிராசா எழும்பினார். இது தனக்கென்றே வந்த வேலை என்பதுபோல ஒலிவாங்கியைப் பிடித்தார். வைரவர் கோயிலில் இதுவரை வெட்டுப்பட்ட கிடாய்களிடம் மன்னிப்புக் கேட்டார். சேவல்களிடம் கேட்டார். வெங்காயப் பாத்தியில் மிதிபட்ட எறும்புகளிடம், புகையிலைக்கு மருந்தடித்துச் செத்த புழுக்களிடம், கந்தோர் நாட்களில் இரத்தம் குடிக்க வந்து தன் கையால் அடிபட்ட நுளம்புகளிடம் கேட்டார். மீன்களிடம், அவற்றைத் தான் தின்றதில்லை என்ற குறிப்போடு, கேட்டார். மேடையில் நின்ற கிடாயின் பக்கம் திரும்பி, தழுதழுத்த குரலில், "வாயில்லாச் சீவனே, எங்கடை சமுதாயத்தை மன்னிச்சுக்கொள்," என்றார். கிடாய் பலாக்குழையை மென்றது. மண்டபம் கைதட்டியது.

கைதட்டல் அடங்கும்வரை நயினார் காத்திருந்தார்.

"மனிதரில் யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கிறதா, ஐயா?"

தம்பிராசாவின் பார்வை கிடாயில் தொடங்கி, கயிறு வழியே மெல்லப் போய், அதைப் பிடித்திருந்த கை வந்ததும் திரும்பிவிட்டது.

"மனிசரிலை நான் ஒருத்தருக்கும் ஒரு குறையும் வைக்கேல்லை."

படலையடியில் நின்று கேட்ட நாலு பேரும் மண்டபத்தில் இருந்தார்கள். ஒருவர் இருமினார். மற்றவர்கள் மேடைச் சோடனையைப் பார்த்தார்கள். நயினார் கொஞ்சம் தயங்கி, பிறகு வெள்ளித் தட்டைக் கொடுத்தார். படம் பிடித்தார்கள்.

கடைசியில் நன்றியுரை. சபை பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரே வேலை அது. இந்த முறை தலைவரின் மகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அருந்ததி மேடைக்கு ஏறினாள்.  வந்தவருக்கு நன்றி சொன்னாள். ஆழ்வாப்பிள்ளைக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், கதிரை தந்த பள்ளிக்கூடத்துக்கும் சொன்னாள். பிறகு தகப்பனின் பக்கம் பாராமல் அருளம்பலத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு ஆள் விடுபட்டுப்போனார். மாமா, சம்பந்தம் பேச வந்த உங்களைப் படலையிலை நிக்கவைச்சுத் திருப்பி அனுப்பினம். தந்த வாக்கையும் மாத்தினம். நான் உங்கடை மகனைக் கட்டி உங்கடை வீட்டுக்கு வரப்போற பிள்ளை. வாறதுக்கு முதல், அப்பாவின்ரை வீட்டு ஆளாய் நிண்டு மன்னிப்புக் கேக்கிறன்."

 அருளம்பலத்தின் தாடை இரண்டுமுறை அசைந்தது.

"மேடையிலை என்னை அழப்பண்ணாதை பிள்ளை. கிடாய் வெருளப்போகுது."

தம்பிராசா கண்ணாடியை இறக்கினார். மகள் பார்க்கவில்லை. ஆகவே அந்தப் பார்வை போக இடமில்லாமல் நின்றது. நயினார் தணிந்த குரலில், வாக்குக் கொடுத்திருந்தீர்களா ஐயா என்று கேட்டார். தம்பிராசா வெள்ளித் தட்டைத் திருப்பிப் பார்த்தார். பெண்கள் வரிசையிலிருந்து பராசக்தி எழும்பினாள். இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் சபையில் எழும்பியது அதுதான் முதல்தரம்.

"குடுத்தவர். நான் கேட்டனான். இராசநாயகத்தாரும் பக்கத்திலைதான் நிண்டவர். இல்லையெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

எல்லாக் கண்ணும் இராசநாயகத்திடம் போயின. அவர் தலைவரைப் பார்த்தார், நயினாரைப் பார்த்தார், கிடாயையும் ஒருமுறை பார்த்தார். இந்தமுறை எதைச் சொன்னாலும் ஒரு பகுதி கோவிக்கும்.

"ஓம்," என்றார். மிகச் சின்ன ஓம். ஆனால் ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது.

வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பார். தம்பிராசா அப்படிப்பட்ட சாதாரண மனிதர் அல்லர். வெள்ளித் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளின் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் ஒரு புன்னகையும் வந்து சேர்ந்தது.

"பிள்ளையின்ரை வாயாலை வரட்டும் எண்டுதான் இவ்வளவு நாளும் பொறுத்திருந்தனான். வாற தையிலை கலியாணம். மச்சக்கார வீடெண்டு பாராமல், என்ரை மகளைக் குடுத்து அந்தக் குடும்பத்தையே சைவமாக்கிறன். இதுதான் இந்தப் பட்டத்துக்கு நான் செய்யிற மரியாதை."

 மண்டபம், எப்போதும் போல, கைதட்டியது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் இன்னொருமுறை 'அரோகரா' என்றார். நயினார் கைதட்டவில்லை. மேடையால் இறங்கி, இருட்டிய பிறகு தான் உண்பதில்லை என்று பராசக்தியிடம் சொல்லி, அவளோடு வெளியே போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் சீவரத்தினம் நின்றான். அருளம்பலம் கிடாயோடு முன்னால் போய்விட்டார். சம்பந்தியாகப் போகிறவர் மேடையால் இறங்கிவந்து ஒரு வார்த்தை கதைப்பார் என்று சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். தம்பிராசா அங்கே லண்டன்காரருக்கு எப்படி எழுதலாம் என்று இராசநாயகத்திடம் ஆலோசித்துக்கொண்டிருந்தார். சீவகாருணியத்துக்காக விட்டுக்கொடுத்தோம் என்று எழுதலாம் என்பது இராசநாயகத்தின் யோசனை.

அருந்ததி வந்து பக்கத்தில் நின்றாள். 

"அவர் கேக்கேல்லை, பாத்தனீங்களோ? நுளம்பிட்டைக் கேட்டவர். உங்கடை அப்பாட்டைக் கடைசிவரைக்கும் கேக்கேல்லை."

"கேக்கமாட்டார். ஆனால் நாள் வைக்கிறன் எண்டதை ஊர் முழுக்கக் கேட்டிட்டுது. இனி அவராலை மாத்தேலாது. எங்களுக்கு அது காணும்."

"எனக்குக் காணாது."

 அது போதாது என்பது அவனுக்கும் தெரியும். உள்ளே ஒலிபெருக்கியில் தம்பிராசாவின் குரல் மறுபடி கேட்டது. இன்னொரு படத்துக்காக யாரோ அவரை ஒலிவாங்கியோடு நிற்கச் சொல்லியிருக்க வேண்டும்.

"காணாதுதான்," என்றாள் அருந்ததி. "எண்டாலும் தையிலை வாறன்."